எருமைக்குப் போட்ட குலவை

எனக்கு எழுபத்துநான்கு வயது ஆகிறது. வளர்த்தது ஐந்து பிள்ளைகளை. நால்வர் நான் பெற்றவர்கள். ஒருவன் கொழுந்தன் மகன், தாயில்லாமல் வந்தவன், இன்றைக்கு வரைக்கும் என்னைத்தான் அம்மா என்கிறான். ஐந்து பேரையும் பத்தாம் வகுப்பு தாண்ட வைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். இதைப் பெருமையில்லாமல் வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் கிணறு வெட்டியதைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த ஒரு அம்மா, கயத்தாறில் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க பள்ளிக்கூடம் போயிருக்கியளா பெரியம்மா?" என்று கேட்டார்.

போனதில்லை. கையெழுத்துப் போடுவேன். பஸ் பலகையில் முதல் எழுத்தைப் பார்த்து எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவேன். மற்றதெல்லாம் நான் சொல்லச் சொல்ல, என் மகள் பொன்னுத்தாயின் மகள் எழுதுகிறாள். ஆனால் எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள். பருத்திக் காட்டில் நின்றபடியே அந்தப் பள்ளிக்கூடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான்.

மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை

இரண்டாவது எடுப்பு நடந்துகொண்டிருந்தது. பனி ஈரம் காய்வதற்குள் எடுத்தால்தான் பருத்தியில் சருகு ஒட்டாது. அதனால் வெளுக்கும்போதே காட்டில் இறங்கிவிடுவோம். இடுப்பில் பழைய சேலையை மடியாகக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நிரையாக நகர்ந்துகொண்டிருந்தோம். கால் விரலிடுக்கில் கரிசல் மண் சில்லென்று ஒட்டியது.

என் பக்கத்து நிரையில் சீனியம்மா மதினி. எனக்கு மூத்தவள். வாய் ஓய்ந்தாலும் கை ஓயாது, கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது.

"ஏளா வேலம்மா, பஞ்ச எடுக்கச் சொன்னா காயோட ஓட்டையும் சேத்துல்லா பிடுங்கி மடியில போடுத. ராத்திரி தூங்கலையா?"

"பனி, மதினி. கை வெறச்சுப் போச்சு."

பொய். எனக்குக் கையில் நினைப்பே இல்லை. காது முழுவதும் பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்தது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்து ஒலிபெருக்கிக் குழாயில் வாரச் செய்தி வாசிக்கப் போவது என் மகள் பொன்னுத்தாய்.

அவளுக்குத் திக்குவாய்.

குழாய் வந்த கதை

வாரச் செய்தி என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இப்போதும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்து வாரா வாரம் செய்தி வருகிறது. போனில் வருகிறது. பேத்தி அமுக்கினால் ஒரு டீச்சர் பேசுகிறார். நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் அதைத் தனித்தனியாக, அவரவர் வீட்டு மூலையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

எங்கள் காலத்தில் காடே கேட்டது.

ஊரில் ரேடியோ செட் வைத்திருந்தவர், கோயில் கொடைத் திருவிழாவுக்குப் புது ஸ்பீக்கர் பெட்டிகள் வாங்கியபோது, பூப்போல விரிந்த பழைய குழாய் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார். தலைமை ஆசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். அவர் அதை மொட்டை மாடியில் கட்டச் சொன்னார். கட்டியவன் அதைப் பிள்ளைகள் நிற்கிற பக்கம் திருப்பாமல், கொடையில் கட்டிய பழக்கத்தில், காட்டைப் பார்த்துத் திருப்பிவிட்டான்.

எங்கள் பக்கத்தில் சத்தத்தை மறிப்பதற்கு என்ன இருக்கிறது? மரமா, மலையா? கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல். அங்கங்கே உடைமரம். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு பிள்ளை மைக்கில் தும்மினால் மூன்றாவது ஊர்க் காட்டில் கேட்கும். மேல்காற்று அடிக்கிற மாதங்களில் எட்டயபுரம் ரோட்டில் ஆடு மேய்க்கிறவர்களுக்குக்கூடக் கேட்குமாம்.

திருப்பி வைக்கவா என்று பெரிய சாரிடம் கேட்டார்கள். "இருக்கட்டும். பிள்ளைகள் வாசிக்கிறது அவங்க அம்மாமார் காதுல விழட்டும்" என்றுவிட்டார்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து வாசிப்பார்கள். முந்தின வாரமே அவர்கள் தெருத் தெருவாகப் போய்ச் செய்தி கேட்டு வர வேண்டும். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்தக் கிணற்றில் ஊற்று விட்டது, யாருடைய ஆடு காணாமல் போனது, என்றைக்கு ஊசி போட நர்ஸ் வருகிறார், எல்லாம் வரும். கடைசியில் வாசித்த பிள்ளை "வாசித்தது இன்னார் மகன் இன்னார்" என்று சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

அது எதற்கு என்றால், செய்தி தப்பாக இருந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ஒரு பையன், கோவில்பட்டி பஸ் இனிமேல் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் என்று வாசித்துவிட்டான். அது நிற்கவில்லை. அங்கே போய்க் காத்து நின்ற பெண்டுகள் எல்லாம் சாயங்காலம் அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அவன் அம்மா ஆளுக்கொரு செம்பு மோர் கொடுத்து அனுப்பி வைத்தாள்.

எதற்குக் குலவை, எதற்குக் கூடாது

நல்ல செய்தி வந்தால் நாங்கள் காட்டில் நின்றபடியே குலவை போடுவோம். யாரும் சொல்லித் தந்து வந்ததில்லை. முதல்முதலாக ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது சீனியம்மா மதினி வாயைத் திறந்துவிட்டாள். அவள் நாக்குச் சுழன்றால் அடுத்த காட்டுக்குக் கேட்கும். அங்கே உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் எடுத்தார்கள். அதற்கடுத்த மிளகாய்க் காட்டில் எடுத்தார்கள். சத்தம் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

பெரிய சாருக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரத்தில் இருந்து, நல்ல செய்தி வாசித்தால் பிள்ளைகள் கொஞ்சம் நிறுத்துவார்கள். நாங்கள் குலவை போடுவோம். பிறகு அடுத்த செய்தி. சாவு, நஷ்டம் என்றால் நிறுத்த மாட்டார்கள். நாங்களும் "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்வோம்.

குழாய் நின்றால் குலவை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்காரரின் பயம்

பொன்னுத்தாய் பேச ஆரம்பித்த நாளில் இருந்தே அப்படித்தான். 'க'வும் 'ப'வும் அவளுக்கு வாசற்படி மாதிரி, இடித்துக்கொள்வாள். அவள் பெயரே அவளுக்குச் சட்டென்று வராது. ஆனால் பாடத்தில் கெட்டிக்காரி. கேள்விக்குப் பதில் தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பாள் என்று டீச்சர் சொல்வார்.

கார்த்திகையில் அவளுக்கு முறை வந்தது. பிள்ளை கஷ்டப்பட வேண்டாம் என்று ஒரு டீச்சர் நல்ல மனதோடு அதை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை.

மாசியில் அவளே பெரிய சாரிடம் போயிருக்கிறாள். "எனக்கு முறை வரலை சார்" என்றிருக்கிறாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்குமேம்மா?"

"க... கஷ்டமாத்தான் சார் இருக்கும்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையாம். வரும் திங்கட்கிழமை நீதான் என்றுவிட்டார்.

என் வீட்டுக்காரருக்கு இது தெரிந்ததும் தாம்தூம் என்று குதித்தார். கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். மகளை நாலு பேர் பார்த்துச் சிரித்தால் அவருக்குத் தாங்காது. அதனால் நாலு பேர் பார்க்காத இடத்திலேயே அவளை வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

"ஏழு ஊருக்குக் கேக்கும்ளா. நாளைக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வந்தா, அந்தத் திக்குவாப் பிள்ளையான்னு கேட்டுக்கிட்டேல்லா வருவான்?"

"தெரிஞ்சு வாரவன் வரட்டும். தெரியாம வந்து திரும்பிப் போறதுக்கு அது தேவல" என்றேன்.

"ஒனக்கு என்ன, வாய் இருக்கு. பேசுவ." திண்ணென்று சொல்லிவிட்டார். "அவ வாசிக்கப் போனான்னா அதோட பள்ளிக்கூடம் போதும். பரீட்சையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு ஆள் ஏத்துத வேன் நம்ம வாசல்லதான் நிக்கி. அங்கன அவளை யாரும் பேசச் சொல்ல மாட்டாவ. வேன்காரன்ட்டயும் சொல்லியாச்சு, செவ்வாக்கெழமையில இருந்து ஏத்திக்கிடுதேன்னுட்டான்."

பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை.

திங்கட்கிழமை விடியுமுன்பே அவர் டீக்கடைக்குப் போய்விட்டார். நான் பொன்னுத்தாய்க்கு எண்ணெய் வைத்துச் சடை பின்னினேன். கழுத்து வேர்த்திருந்தது.

"யம்மா, நீ இன்னைக்குக் கா... காட்டுக்குப் போகாத."

"ஏண்டி?"

"நீ கேட்டுக்கிட்டு இருப்பன்னு நெனச்சா பயமா இருக்கு."

"நான் எங்கட்டி கேக்கப் போறேன்? பருத்தி எடுக்கவே நேரம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ரிப்பனை இறுக்கிக் கட்டிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டேன்.

சினை எருமை

குழாய் கரகரத்தது. பிள்ளைகள் பாடினார்கள். பெரிய சார் இருமினார். பிறகு என் மகள் குரல்.

மைக்கில் அவள் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்து வந்த செய்தி. ஒரு இடத்தில் இழுத்தாள், தாண்டிவிட்டாள். நிறுத்தினாள். சீனியம்மா மதினி குலவை எடுத்தாள். எல்லோரும் போட்டோம். வடக்குத் தெருவில் பேத்தி பிறந்த செய்தி. அதற்கும் போட்டோம். என் கை மறுபடியும் பருத்திக்குப் போனது.

மூன்றாவது செய்தி.

"டீக்கடை சங்கரலிங்கம் அவர்களின் சினை எருமை..."

குழாய் நின்றுவிட்டது.

எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் மாட்டிக்கொண்டாள். ஆனால் காட்டுக்கு எப்படித் தெரியும்? சங்கரலிங்க அண்ணாச்சியின் எருமை இன்றைக்கு ஈனும், நாளைக்கு ஈனும் என்று காட்டில் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"ஈன்னுட்டு போலுக்கு!" என்றாள் சீனியம்மா மதினி.

நான் கையைப் பிடிப்பதற்குள் குலவை கிளம்பிவிட்டது. உளுந்துக் காட்டில் எடுத்தார்கள். மிளகாய்க் காட்டில் எடுத்தார்கள். வழக்கத்தைவிட நீளமான குலவை. சீம்பால் கிடைக்கும் என்கிற நினைப்பு வேறு.

குலவை அடங்கியதும் குழாய் பேசியது.

"...கி... கிணற்றில் விழுந்து இறந்துபோனது."

காட்டில் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

குழாய் வழியாகச் சிரிப்பு வந்தது. ஒருவர் இருவர் அல்ல, பள்ளிக்கூடம் முழுக்கச் சிரித்தது. இனி அந்தப் பிள்ளை அங்கே நிற்க மாட்டாள், ஓடி வந்துவிடுவாள், அவள் அப்பா சொன்னதுதான் நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது மைக்குக்கு மிகப் பக்கத்தில் இருந்து இன்னொரு சிரிப்பு. கெக்கெக் என்று, மூக்கால் பாதி, வாயால் பாதி. அந்தச் சிரிப்பை நான் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன். பொன்னுத்தாய் சிரிக்கிறாள்.

"ஏளா," என்று என் பக்கம் திரும்பினாள் சீனியம்மா மதினி. "அது ஒம் மகள்லா?"

"ஆமா."

"சொல்லித் தொலைக்கப்பிடாதா? நான் பாட்டுக்கு எழவு வீட்டுல குலவை போட்டுட்டேனே, பாவி!" தலையில் ஒன்று போட்டுக்கொண்டு, காட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, யாரும் வாயத் தொறக்கப்பிடாது! வேலம்மா மக வாசிக்கா. நின்னு நின்னுதான் வரும். நான் சொல்லுத வரைக்கும் ஒருத்தியும் போடாதீங்க!"

வியாழக்கிழமை காய்ச்சலுக்கு ஊசி போடுகிற செய்தி வந்தது. இரண்டு இடத்தில் நின்றாள். காட்டில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் நிமிர்ந்து, மடியைக் கையில் தாங்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்து நின்றார்கள்.

கடைசியாக அவள் பெயர் சொல்ல வேண்டும். முதலில் அப்பா பெயர்.

என் வீட்டுக்காரர் பெயரும் 'க'வில்தான் தொடங்கும். அதற்குமேல் நான் சொல்லக் கூடாது. இந்த வயது வரைக்கும் ஒரு தடவைகூட அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை.

"வாசித்தது," என்றாள். "வேலம்மாள் மகள்..."

என் பெயர். குழாயில். நான் மடியை விட்டுவிட்டேன். எடுத்த பருத்தி அவ்வளவும் காலடியில் கொட்டியது.

பிறகு குழாய் நின்றுவிட்டது. அவளுடைய பெயர் வரவில்லை. 'ப' என்று காற்று மட்டும் வந்தது. மறுபடியும் காற்று. தூரத்தில் ஒரு ஆடு கத்தியது. சீனியம்மா மதினி என் முழங்கையைப் பிடித்த பிடி வலித்தது. பள்ளிக்கூடத்திலும் யாரும் சிரிக்கவில்லை.

"...பொன்னுத்தாய்."

"இப்பம் போடுங்கட்டி!" என்றாள் மதினி.

என்னால் போட முடியவில்லை. குனிந்து, கொட்டிய பருத்தியை அள்ளிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் போட்டார்கள்.

அண்ணாச்சி வந்தார்

வெயில் ஏறியபோது சங்கரலிங்க அண்ணாச்சி சைக்கிளை வரப்பில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"எருமைய வாரிக் குடுத்துட்டு நிக்கேன். குலவையா போடுதிய, குலவை?"

"அண்ணாச்சி, ஈன்னுட்டுன்னுல்லா நெனச்சோம்" என்றாள் மதினி.

"அது செத்து ரெண்டு நாளாச்சி!"

"நாங்க ரெண்டு நாளா இங்கன குனிஞ்சுல்லா கெடக்கோம். ஒரு சொல்லு சொல்லிவிட்டியளா? கன்னு போட்டிருந்தா மட்டும் சீம்பால் கொண்டாந்திருப்பிய பாருங்க, எங்களுக்கு!"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பிள்ளை நல்லாத்தான் வாசிச்சா. ஆனா வேலம்மா, ஒம் வீட்டுக்காரர் எங் கடையிலதான் இருந்தாவ. ஒம் பேரு வந்துச்சா, டீய அப்படியே வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ. மூஞ்சி நல்லா இல்ல. பாத்துக்கோ."

அதன்பிறகு எனக்குப் பருத்தி ஓடவில்லை.

விளக்கு வைக்கிற நேரம்

நான் வீட்டுக்குப் போனபோது அவர் நார்க்கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பொன்னுத்தாய் பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் கதவோரம் நின்றிருந்தாள். நான் பேசாமல் உலை வைத்தேன். பேச்சைத் தொடங்கினால் வேன்காரனில்தான் போய் முடியும் என்று பயம்.

அவரே தொடங்கினார்.

"ஏழு ஊருக்கு ஆத்தா பேரச் சொன்ன. எம்பேருக்கு என்னட்டி கேடு?"

"கே... கேடு இல்லப்பா. எனக்கு அது வராது. அம்மா பேருன்னா வந்துரும்."

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல வீடுய்யா இது. ஆத்தாக்காரி சொல்லப்பிடாதுன்னு இருக்கா. மகளுக்குச் சொல்ல வர மாட்டேங்கு. எம்பேரு எனக்கே மறந்துபோவும் போலுக்கு."

பொன்னுத்தாய்க்குக் கெக்கெக் என்று சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கட்டிலில் திரும்பி உட்கார்ந்தார்.

"இப்பம் சொல்லு."

"யப்பா..."

"இங்கன யாரு இருக்கா, நான்தான இருக்கேன். சொல்லு."

அவள் தொடங்கினாள். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. உதடு துடித்தது. கண்ணை மூடினாள், திறந்தாள். உலை பொங்கி வழிந்து அடுப்பில் சுர்ரென்றது. நான் எழுந்திருக்கவில்லை. எப்போதும் அவள் திக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர், அன்றைக்குத் திருப்பவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு, வண்டிக்குக் காத்திருப்பவர்போலச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

வந்தது. முழுப் பெயரும் வந்தது.

"ம்" என்றார். பிறகு அவளிடம், "நாளைக்கு மொதல்ல என்ன பாடம்?" என்றார்.

"க... கணக்கு."

"ஏளா," என்றார் என்னிடம், கட்டிலில் சாய்ந்துகொண்டே. "காலையில வேன்காரன் வந்து ஆரன் அடிச்சா, இங்க ஆள் இல்லன்னு சொல்லிரு."

சரி தாயி, ஒங்க அம்மா கதை இந்த வாரத்துக்கு இவ்வளவு போதும். எழுதுனத மொதல்ல இருந்து வாசி, கேப்போம். நிதானமா வாசி. அடுப்புல பொங்கி வழிய ஒண்ணும் இல்ல.